லாச்சிக்கு ஈடாக ஓர் உயிரா?

கல்முனைக் கடைத்தெருவிலே, எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறாத சட்டம் ஒன்று வழக்கில் இருக்கிறது. களவு போன சாமானின் விலை, அவ்வேளை கடையில் நின்ற பையனின் சம்பளத்திலே கழிக்கப்படும் என்பதே அச்சட்டம். அதற்கு வர்த்தமானி அறிவித்தல் இல்லை. பாராளுமன்ற விவாதம் இல்லை. மாத முடிவில் முதலாளியின் கணக்குக் கொப்பியில் விழும் ஒரு கோடே அதன் விசாரணையும் தீர்ப்பும் ஆகும். எல்லாக் கடைகளிலும் இவ்வழக்கம் உண்டென்று நாம் கூறமாட்டோம். தம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகளைத் தாம் பெற்ற பிள்ளைகளாகவே நடத்தும் முதலாளிமார் இக்கரையில் இருக்கின்றனர். அவர்களை நாம் அறிவோம், மதிக்கிறோம். ஆயினும் மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை, ஏன், கொழும்புப் புறக்கோட்டை வரை, "இவ்வழக்கத்தை நாம் கேள்விப்பட்டதே இல்லை" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய வியாபாரிகள் எத்தனை பேர்?

இது வெறும் சம்பளப் பிரச்சினை என்று எண்ணுவோர் ஏமாந்து போவர். இஃது உயிர்ப் பிரச்சினை. எவ்வாறெனக் காட்டுவோம்.

இரவு எட்டரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நடமாட்டம் குறைந்துவிட்டது. தலைக்கவசம் கழற்றாத இருவர் கைத்தொலைபேசிக் கடை ஒன்றினுள் நுழைகின்றனர். ஒருவன் விலை கேட்கிறான். மற்றவன் பொருளை மடியிலே செருகுகிறான். கடைப் பையன் கண்டுவிடுகிறான். பையன் கண்டதைக் கள்வனும் கண்டுவிடுகிறான். அந்தக் கணத்தில் பையனின் முன்னே இரண்டு ஆயுதங்கள் நிற்கின்றன. ஒன்று கள்வனின் இடுப்பில் உள்ள கத்தி. மற்றொன்று முதலாளியின் மேசையில் உள்ள கணக்குக் கொப்பி. கத்தி குத்தினாலும் குத்தும், குத்தாமலும் விடும். கொப்பியோ தவறாமல் வெட்டும். இரண்டு மாதச் சம்பளம் கண்ணெதிரே வாசலைக் கடந்து போகிறது. பையன் பாய்ந்து வாசலை மறிக்கிறான்.

மறுநாள் ஊரார் அதனை வீரம் என்பர். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று புகழ்வர். வீரமா அது? கத்தியைவிடக் கொப்பிக்கு அதிகம் அஞ்சியவனின் பாய்ச்சல் அது!

ஆகவே நாம் சொல்ல வந்தது ஒன்றே. களவு பணத்துக்கு நேர்ந்த நட்டம். அதனை உயிருக்கு நேர்ந்த நட்டமாக மாற்றுவதிலே கள்வனின் கொடுமைக்குப் பங்கு உண்டு. கடை வகுத்த விதிக்கும் பங்கு உண்டு. அவ்விதி இருக்கும் வரை, ஊழியனைப் பார்த்துக் "கவனமாக இரு, தம்பி" என்று சொல்வது உபசார வார்த்தையேயன்றி வேறன்று.

யானை தின்ற நெல்லுக்கு யார் பொறுப்பு?

வேளாண்மை செய்யும் நம் அன்பர்களுக்கு இதனை விளங்கவைக்கப் பெரிய வியாக்கியானம் தேவையில்லை. இரவிலே வட்டைக்குள் யானை இறங்குகிறது. காவற்பரணில் இருப்பவன் தகரம் தட்டுகிறான், வெடி கொளுத்துகிறான், கூக்குரலிட்டு அயல் வயற்காரரை எழுப்புகிறான். இவற்றுக்கெல்லாம் யானை அசையாதெனக் கண்டால், பரணைவிட்டு இறங்காமல் தன் உயிரைக் காத்துக்கொள்கிறான். விடிந்ததும் போடியார் வருகிறார், மிதிபட்ட பயிரைப் பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். "யானை தின்ற நெல்லுக்கு உன் கூலியில் கழிப்பேன், நீ ஏன் இறங்கி அதன் தும்பிக்கையைப் பிடிக்கவில்லை?" என்று கேட்கும் போடியாரை யாராவது கண்டதுண்டா? அப்படிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு அவர் வயலிலே காவலுக்கு ஆள் ஏறுமா?

வயலிலே மடமை என்று கைகொட்டிச் சிரிக்கப்படுவது கடையிலே மட்டும் நியாயமாவது எப்படி? வெள்ளமும் வரட்சியும் யானையும் விவசாயியின் முதலுக்கு உள்ள ஆபத்து. களவு வியாபாரியின் முதலுக்கு உள்ள ஆபத்து. இலாபம் யாருக்கோ ஆபத்தும் அவருக்கே. இலாபம் வரும்போது முதலாளி தனியே நிற்பதும், நட்டம் வரும்போது பையனைக் கூட்டாளியாக அழைப்பதும் எந்த ஊர்ப் பங்கு வியாபாரம்?

சட்டமும் இவ்வழக்கத்தின் பக்கம் நிற்கவில்லை. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், ஊழியனின் வேதனத்திலிருந்து அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறெதனையும் முதலாளி தம் எண்ணப்படி கழித்துக்கொள்ள இடந்தருவதில்லை. கள்வன் கொண்டுபோன பொருளுக்கு, களவிலே பங்கில்லாத ஊழியனிடம் வரி வசூலிக்கும் அதிகாரத்தை எவரும் எவருக்கும் கொடுக்கவில்லை. பையன் வாய் திறவாமல் வாங்கிக்கொண்டு போகிறான் என்பதால் அது சட்டமாகிவிடாது. வேலை போய்விடும் என்ற அச்சத்திலே பிறந்த மௌனம் சம்மதமுமாகாது.

இன்னொன்றையும் முதலாளிமார் அறிந்துகொள்ளல் நலம். வேலையின் போது, வேலையின் காரணமாக, விபத்தினால் காயமுற்ற ஊழியனுக்கு நட்டஈடு வழங்க வேண்டும் என்பது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. "கள்வன் வேண்டுமென்று குத்தியது விபத்தாகுமா?" என்று கேட்கலாம். இக்கேள்வி நூறாண்டுகளுக்கு முன்னரே கேட்கப்பட்டுப் பதிலும் பெற்றுவிட்டது. இங்கிலாந்திலே, சுரங்கத் தொழிலாளரின் சம்பளப் பணத்தைப் புகையிரதத்தில் எடுத்துச் சென்ற காசாளர் ஒருவர் கொள்ளைக்காரனால் கொல்லப்பட்டார். நிஸ்பெட் எதிர் ரெய்ன் அன்ட் பேர்ன் எனும் அவ்வழக்கிலே, 1910 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய மனைவிக்கு நட்டஈடு உரியது என்று தீர்த்தது. பிறர் பணத்தைச் சுமப்பவனுக்குக் கொள்ளை அத்தொழிலோடு பிறந்த ஆபத்து. கொன்றவன் வேண்டுமென்றே கொன்றானாயினும் கொல்லப்பட்டவனைப் பொறுத்தவரை அது விபத்தே என்பது அத்தீர்ப்பின் சாரம். லாச்சியின் முன் அமர்த்தப்பட்ட நமது பையனுக்கும் இந்நியாயம் பொருந்தாது என்று யாரே சொல்வர்? சம்பளத்தில் பத்தாயிரம் ரூபாவைக் கழிக்கும் முதலாளி, அக்கழிவின் பயனாய்ப் பையன் வெட்டுண்டால் அதற்குப் பல மடங்கு கொடுக்க நேரும் என்பதையும் அதே கொப்பியில் எழுதி வைக்கட்டும்.

உரிமை வேறு, கடமை வேறு

"எமக்குத் தற்காப்பு உரிமை இல்லையா? கள்வன் வந்தால் கைகட்டி நிற்கவா சொல்கிறீர்?" என்று சிலர் சீறுவர். தற்காப்பு உரிமை இருக்கிறது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அதனை 89 ஆம் பிரிவு முதலாக விரித்துரைக்கிறது. உடலைக் காக்கும் உரிமையும் உண்டு; பொருளைக் காக்கும் உரிமையும் உண்டு. கொள்ளை, இரவில் வீடுடைத்தல் போன்ற கொடுங் குற்றங்களின்போது அவ்வுரிமை எதிரியின் உயிர் வரை செல்லும் என்று 96 ஆம் பிரிவு கூறுகிறது.

ஆனால் அவ்வுரிமைக்கு 92 ஆம் பிரிவு வேலியிடுகிறது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது அவ்வுரிமை இல்லை. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேலாக ஓர் அடி விழுந்தாலும், அந்த ஓர் அடி குற்றம். வெறும் களவுக்கு வெட்டரிவாள் தூக்கியவன் வழக்காளியாக நீதிமன்றம் வருவதில்லை; எதிரியாகவே வருகிறான். கடைக்குள்ளே நிகழ்ந்த மூன்று விநாடிச் செயலை நீதிபதி மூன்று வருடம் ஆற அமர்ந்து ஆராய்வார் என்பதைக் கத்தி தூக்கும் முன் நினைவிற் கொள்க.

இவற்றுக்கெல்லாம் மேலான உண்மை ஒன்றுண்டு. சட்டம் தந்தது உரிமை, கடமையன்று. விரும்பினால் காத்துக்கொள் என்று சட்டம் சொல்கிறது. காக்காவிட்டால் சம்பளம் இல்லை என்று கடை சொல்கிறது. சட்டம் சலுகையாகக் கொடுத்ததைக் கடை கட்டாயமாக்குகிறது. நமது எதிர்ப்பு இதற்கே.

களவுக்கும் கொள்ளைக்கும் இடையே சட்டம் இட்ட கோடு எங்கே இருக்கிறதென்பதையும் பொதுமக்கள் அறியவேண்டும். ஒளித்து எடுத்தால் களவு. அதற்கு மூன்றாண்டு வரை சிறை. எடுப்பதற்கோ, எடுத்ததைக் கொண்டு தப்புவதற்கோ காயம் விளைவித்தால், அல்லது உடனடிக் காயத்துக்கோ மரணத்துக்கோ அஞ்சச் செய்தால், அக்கணமே அது கொள்ளை. தண்டனை பத்தாண்டு வரை ஏறும். களவு கொள்ளையாகும் இடம் பெரும்பாலும் கடையின் வாசற்படி. வெளியேற வழியிருக்கும் வரை கள்வன் கள்வனாகவே போகிறான். வழி அடைபட்டதும் அவன் கத்தியை எடுக்கிறான். மூலைக்குள் மடக்கப்பட்ட பூனை புலியாகும் என்பது நம் பாட்டிமார் அறிந்த பாடம்.

"மானம் போகாதா?" என்பது அடுத்த கேள்வி. கைத்தொலைபேசி போனால் மானம் போகாது. பிறர் பிள்ளையைக் கத்திக்கு முன்னே நிறுத்திவிட்டுத் தாம் வீட்டில் உறங்குவதிலேதான் மானம் போகிறது. இன்னுஞ் சிலர், பொருளைக் காக்கப் போராடி மாண்டவர்க்குரிய மறுமைப் பதவி பற்றிய நபிமொழியை எடுத்துக்காட்டுவர். அதன் மேன்மையை நாம் வணங்கி ஏற்கிறோம். ஆனால் அது தன் பொருளைக் காத்தவனைப் பற்றியது. முதலாளியின் பொருளுக்குக் கூலிக்கு நிற்கும் பையனின் உயிரை ஈடு வைக்கச் சொல்லும் வாக்கு அதில் எங்கே இருக்கிறது? தாம் கொடுக்க வேண்டிய உயிரைப் பிறர் மகனிடம் கேட்பதற்கு மார்க்கத்தைத் துணைக்கழைப்பது மார்க்கத்துக்குச் செய்யும் மரியாதையாகாது.

அந்தச் சில நிமிடங்களில்

கடையில் நிற்கும் தம்பி தங்கையர்க்கு நாம் சொல்வது மிகச் சுருக்கமானது. சுவரிலே ஒட்டிவைக்கலாம்.

கத்தியோ துப்பாக்கியோ வெளிப்பட்டுவிட்டால் கேட்டதைக் கொடு. கைகள் இரண்டும் அவன் கண்ணில் படும்படி இருக்கட்டும். திடீரென மேசைக்குக் கீழே குனியாதே. குனிவதாயின், "திறப்பு கீழே இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குனி. அவனோடு வாதாடாதே, வசை பாடாதே, "உன்னை எனக்குத் தெரியும்" என்று மறந்தும் சொல்லாதே. அடையாளங் கண்டாய் என்று அறிந்தவனுக்கு உன் உயிரே தடயமாகிவிடும். அவனுக்கும் வாசலுக்கும் இடையே நில்லாதே. கடைக்குள் இருக்கும் பெண்களையும் சிறுவரையும் சைகையால் ஒதுங்கச் செய். அவன் போகிறானா, போகட்டும். பின்தொடர்ந்து ஓடாதே, மோட்டார் சைக்கிளில் துரத்தாதே.

அவன் போனபின் உன் வேலை தொடங்குகிறது. கதவைப் பூட்டு. காயம் பட்டவர் இருந்தால் முதலில் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரச் சொல். பின்னர் 119 இல் பொலிஸாருக்கு அறிவி. அவன் தொட்ட இடத்தைத் துடைக்காதே. உயரம், உடை, பேச்சு, கை கால் அடையாளம், வாகன இலக்கம், போன திசை, மணி ஆகியவற்றை மற்றவருடன் பேசுமுன் ஒரு தாளில் எழுது. நாலு பேரோடு பேசியபின் எழுதினால் அது நாலு பேரின் நினைவாகிவிடும்; நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நில்லாது. சிசிரிவி கமராவின் பதிவு அழிந்துபோகாமல் பார்த்துக்கொள். அதனை முகநூலில் ஏற்றாதே, பொலிஸாரிடம் கொடு.

வாக்குமூலத்தைத் தமிழிலே சொல். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல். விளங்காத மொழியில் எழுதியிருந்தால், விளங்கவைக்கப்படும் வரை கையொப்பம் இடாதே. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழே என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கூறுகிறது. அது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கக்கூடாத இடம் ஒன்று உண்டாயின், அது வெட்டுண்டவன் வாய்முறைப்பாடு சொல்லும் மேசையே.

கம்பத்தில் கட்டும் நீதி

இதுவரை பையனின் உயிரைப் பேசினோம். இனிக் கள்வனின் உயிரையும் பேசுவோம். முகஞ் சுளிப்போர் சற்றே பொறுக்க.

2018 பெப்ரவரி 22 அன்று, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியிலே, மது எனும் ஆதிவாசி இளைஞரைக் கும்பல் ஒன்று காட்டுக்குள் தேடிச் சென்று பிடித்தது. கடைகளிலே அரிசியும் உணவுப் பொருள்களும் திருடினார் என்பது குற்றச்சாட்டு. கைகளைக் கட்டி முக்காலிச் சந்திக்கு இழுத்து வந்தனர், அடித்தனர், கட்டுண்டு நின்றவரோடு சேர்ந்து படமும் பிடித்துக்கொண்டனர். பொலிஸ் வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் அவர் இறந்தார். ஐந்தாண்டு வழக்கு நடந்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். எனினும் 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு விசேட நீதிமன்றம் 16 எதிரிகளில் 14 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டு, அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டுக் கடூழியச் சிறை விதித்தது. ஒரு பை அரிசியைத் தேடிப் போனவர்கள் ஓர் உயிரையும் தம் ஏழு ஆண்டுகளையும் இழந்து திரும்பினர். எத்தகைய இலாபம்!

கேரளம் தூரமென்று எண்ண வேண்டாம். 2023 இல் பொரலஸ்கமுவையில் உள்ள பல்பொருள் அங்காடி ஒன்றிலே, களவெடுத்தாள் என்று பிடிக்கப்பட்ட பெண்ணை ஊழியர்கள் அடித்த காட்சி நாடெங்கும் பரவியது. கைதானவர்கள் அடித்த ஊழியர்களே. களவு அங்கே பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது, அடிதான் எஞ்சியது.

கண்ணெதிரே களவு செய்தவனைத் தனியாள் பிடிக்கலாம் என்று 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பிடித்தவனைத் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. தப்பாதிருக்கத் தேவையான அளவுக்கு மேல் அவனைக் கட்டுப்படுத்தவும் உரிமையில்லை. தண்டிக்கும் உரிமையோ எவருக்கும் இல்லை. கம்பத்தில் கட்டுவதும், மொட்டையடிப்பதும், கழுத்திலே அட்டை மாட்டிப் படம் பிடிப்பதும் களவைவிடப் பெரிய குற்றங்கள்.

காரைதீவிலே கண்ணகிக்குக் கோயில் எடுத்து வழிபடும் கரை இது. அவள் கணவன் எதற்காக வெட்டுண்டான்? களவுக் குற்றச்சாட்டுக்காக. விசாரணை நடந்ததா? இல்லை. பொற்கொல்லன் சொன்னான், அரசன் நம்பினான், வாள் விழுந்தது. மெய்யான கள்வன் குற்றஞ்சாட்டிய பொற்கொல்லனே என்பது பின்னரே தெரிந்தது. மதுரை எரிந்த கதையைக் குளிர்த்திச் சடங்கு தோறும் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, விசாரணையின்றித் தண்டிப்பது எத்தகைய பாவம் என்பதைச் சட்டத்தரணிகள் வந்து சொல்லவேண்டுமா?

பசியையும் மறக்கலாகாது. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஓராண்டுக்கு முன் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா தேவைப்பட்ட காலம் அது. பால்மாப் பெட்டியை மறைத்தெடுக்கும் தாயும், வாளோடு வரும் கொள்ளைக்காரனும் ஒருவரல்லர். பஞ்ச ஆண்டிலே கலீபா உமர் அவர்கள் களவுக்குரிய தண்டனையை நிறுத்திவைத்தார் என்று வரலாறு பேசுகிறது. அவ்வரலாற்றைப் போற்றும் தெருவிலே பால்மாவுக்காக ஒரு பெண்ணின் மேல் கை விழலாமா?

கள்வனுக்கு ஊர்ப்பெயர் வேண்டாம்

மது மாண்ட நான்காம் நாள், 2018 பெப்ரவரி 26 இரவு, நமது மாவட்டத்தின் தலைநகரான அம்பாறையிலே இதன் மறுபக்கத்தைக் கண்டோம். அங்கே குற்றஞ் சாட்டப்பட்டது கடைக்காரர் பக்கம். முஸ்லிம் ஒருவருக்குரிய உணவுச்சாலையில், கறியில் கண்ட கட்டியொன்றைக் கருத்தடை மாத்திரை என்று கூறிக் கும்பல் கூடிற்று. காசு மேசையில் இருந்தவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டது. சிங்களம் சரிவரத் தெரியாத அவர் அச்சத்திலே தலையசைத்தார். அத்தலையசைப்பு ஒப்புதலாகப் படம் பிடிக்கப்பட்டு நாடெங்கும் பரப்பப்பட்டது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் சேதமாயின. அந்தக் கட்டி மாவுக் கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் கூறிற்று. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரே வாரத்தில் இரண்டு சம்பவங்கள். ஒன்றிலே கும்பல் கடையின் பக்கம். மற்றதிலே கும்பல் கடைக்கு எதிர். இரண்டிலும் கும்பலே நீதிபதி. இரண்டிலும் கைத்தொலைபேசிப் படமே தீர்ப்பேடு. நமது கடை வாசலில் நாம் வளர்க்கும் கும்பல் நாளை வேறொரு நகரிலே நம் கடைக்குள்ளேயே நுழையும். அங்கே எமக்கு நீதி கேட்கும் தகுதி வேண்டுமாயின், இங்கே பிறர்க்கு நீதி வழங்கியிருத்தல் வேண்டும்.

கல்முனையோ ஒரு தெருவுக்கு ஒரு சமூகம் என்று நெருங்கிப் பின்னிய நகர். பாண்டிருப்பின் பிள்ளை மருதமுனைக் கடையிலே வேலை செய்கிறான். சாய்ந்தமருதின் வியாபாரி காரைதீவுக்குச் சாமான் கொடுக்கிறார். இங்கே பிடிபட்ட கள்வனுக்கு முதலிலே கேட்கப்படும் கேள்வி "நீ எந்த ஊரான்?" என்பதானால், ஒரு பெட்டி சவர்க்காரத்துக்காக இரண்டு ஊர்கள் பகைக்கும். 1985 ஏப்ரலிலே காரைதீவு கண்ட நெருப்பை மறந்தவர் எவருமில்லை. கள்வனுக்குப் பெயர் உண்டு, தேசிய அடையாள அட்டை உண்டு, நீதவான் உண்டு. அவனுக்கு ஊரையும் சமயத்தையும் பட்டமாகச் சூட்டுவோர், லாச்சியிலிருந்து போனதைவிடப் பன்மடங்கு பெரியதைக் களவெடுக்கின்றனர்.

நாம் கேட்பவை

வெறும் புலம்பலோடு நில்லோம். செய்யக்கூடியவற்றையே கேட்கிறோம்.

வர்த்தக சங்கங்கள் கூடட்டும். களவு போன பொருளுக்கு எந்த ஊழியனின் சம்பளத்திலும் கழிப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றி, அதனை ஒவ்வொரு கடையிலும் லாச்சிக்கு மேலே எழுதித் தொங்கவிடட்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, காப்பது உயிரை.

இருட்டிய பின் எந்தக் கடையிலும் ஒருவரைத் தனியே விடாதிருக்கட்டும். லாச்சியில் சிறு தொகைக்கு மேல் வைக்காது, மிகுதியை அவ்வப்போது எடுத்துப் பூட்டி, "இங்கே அதிக பணம் இல்லை" என்று வாசலிலேயே அறிவிக்கட்டும். கண்ணாடியை மறைக்கும் விளம்பரத் தாள்களைக் கிழித்தெறிந்து, தெருவிலிருந்து பார்த்தால் லாச்சி தெரியும்படி வெளிச்சமிடட்டும். அமெரிக்காவிலே இரவுக் கடைகள் கொள்ளையால் நொந்தபோது, 1970 களில் முன்னாள் கொள்ளைக்காரரிடமே யோசனை கேட்டனர். குறைந்த பணமும் நிறைந்த வெளிச்சமும் என்பதே கிடைத்த பாடம். கள்வனே சொன்ன புத்தியைக் கடைக்காரர் கேட்பதில் இழுக்கென்ன?

பொலிஸார் மாலை முதல் கடை அடைக்கும் வரை கடைத்தெருவில் ரோந்து வரட்டும். முறைப்பாட்டு மேசையில் எந்நேரமும் தமிழிலே எழுதக்கூடிய ஒருவர் இருக்கட்டும். "அவகாசம் இருந்தால் அதிகாரிகளை நாடு" என்று சட்டம் மக்களுக்குச் சொல்கிறது; நாடிய இடத்தில் அதிகாரி இருக்கவேண்டும் என்பதும் அதே சட்டத்தின் மறுபாதி.

பாராளுமன்றத்திலே நமது வாக்கைப் பெற்று அமர்ந்திருப்போர் ஒரு மசோதாவைக் கொண்டுவரட்டும். 2021 இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம், சில்லறைக் கடை ஊழியரைத் தாக்குவதையும் அச்சுறுத்துவதையும் தனிக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. கடமையைச் செய்யும் அரசாங்க உத்தியோகத்தரைத் தாக்கினால் நமது சட்டக்கோவை தனியாகத் தண்டிக்கிறது. சந்தையிலே நாள் முழுதும் நின்று ஊருக்குச் சோறும் துணியும் அளந்து கொடுக்கும் பிள்ளையின் உடல் அவ்வுத்தியோகத்தரின் உடலைவிட மலிவானதா?

முதலாளிமார் அவர்களே! உங்கள் கடையின் காப்புறுதிப் பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். தீக்கு ஒரு தொகை எழுதியிருக்கிறீர்கள். வெள்ளத்துக்கு ஒரு தொகை எழுதியிருக்கிறீர்கள். களவுக்கு மட்டும் உங்கள் பையனின் சம்பளத்தை எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தக் கோட்டை இன்றிரவே அடித்துவிடுங்கள். நாளை கத்தியோடு ஒருவன் வந்து நின்றால், உங்கள் பையன் கையை உயர்த்திக் காசைக் கொடுத்துவிட்டு உயிரோடு வீடு போய்ச் சேரட்டும். மறுநாள் காலை அவனே வந்து கடை திறப்பான்.